கடைசி வரியில் எவ்வளவு?

ஸ்னூக்கர், கோல்ஃப் முடிவுகளை நம் நாளிதழ்கள் இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன: வென்றவர் பெயர், அவர் வாங்கிய தொகை. 2025 மே மாதம் ஷெஃபீல்டில் சீனாவின் சாவ் ஷின்டாங், மார்க் வில்லியம்ஸை 18-12 என வீழ்த்தி ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர். பரிசு 5 லட்சம் பவுண்டு. அதற்கு மூன்று வாரம் முன்பு மாஸ்டர்ஸ் கோல்ஃப் பட்டத்தோடு ரோரி மெக்கில்ராய் பெற்றது 42 லட்சம் டாலர். மலைக்க வைக்கும் தொகைகள்தான். ஆனால் ஓர் ஆட்டம் யாருக்குப் பிழைப்பாகும் என்பதைப் பரிசுப் பட்டியலின் கடைசி வரிதான் தீர்மானிக்கிறது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு தகப்பன் தன் பிள்ளையை இத்தகைய ஆட்டத்தில் இறக்கிவிடலாமா என்று யோசித்தால், முதல் சுற்றில் தோற்றால் ஊர் திரும்பும் செலவாவது தேறுமா என்றுதான் அவர் கேட்டாக வேண்டும். ஸ்னூக்கர் மேசையின் நீளம் 12 அடி. இங்கே பல வீடுகளின் முன்னறையே அவ்வளவு இருக்காது. பயிற்சிக்கே மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டிய ஆட்டம் இது.

கோல்ஃபில் நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்க பிஜிஏ டூரின் வழக்கமான போட்டிகளில் இரண்டு நாள், 36 குழி ஆடி முடித்ததும், ஏறத்தாழ முதல் 65 இடங்களுக்குள் வராதவர்கள் பரிசுப் பணம் எதுவும் இல்லாமல் வெளியேற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, மூன்றடித் தூரத்தில் பந்து. தட்டிவிட்டது குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே நின்றுவிட்டால் விமானக் கட்டணம், தங்கிய செலவு, மட்டை சுமக்கும் கேடியின் கூலி எல்லாமே கைக்காசு. வென்றவருக்கோ மொத்தப் பரிசில் 18 சதவீதம்.

சிறந்தவருக்குப் பெருந்தொகை கொடுத்தால்தான் கூட்டமும் விளம்பரதாரரும் வருவார்கள், தோற்றவருக்கும் பணம் என்றால் போராடும் வெறி போய்விடும் என்பார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை ஸ்னூக்கரே பொய்யாக்கிவிட்டது. ஷெஃபீல்டில் முதன்மைச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் 20,000 பவுண்டு உண்டு. அதனால் இறுதி ஆட்டத்தின் சூடு குறைந்துவிடவில்லை. 2022-23 பருவத்தில் தொழில்முறைச் சுற்றின் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வருமானம் உறுதி என்ற ஏற்பாடும் வந்தது. அது இனாம் அல்ல, பிறகு ஈட்டும் பரிசில் கழித்துக்கொள்ளும் முன்பணம். தவிர, அந்தச் சுற்றுக்குள் நுழைவதே பெரிய வடிகட்டல். சோம்பேறி எவரும் அங்கே வந்து உட்கார முடியாது.

இது பணக்காரர் ஆட்டம், நமக்கெதற்கு என்ற கேள்வியையும் நான் ஏற்கவில்லை. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, உதகை கிளப்பில் விதிமுறை கண்டதாகச் சொல்லப்படும் ஆட்டம். கேடியாக மட்டை சுமந்த பெங்களூரு முனியப்பா 2009-இல் இந்திய ஓபன் கோல்ஃபை வென்றார். ஆதித்யா மேத்தா 2013-இல் டெல்லியில் இந்திய ஓபன் ஸ்னூக்கரின் இறுதிக்கே போய் டிங் ஜுன்ஹுயியிடம் தோற்றார். அந்தப் போட்டியோ 2019-இல் கொச்சியோடு நின்றுபோனது. சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வென்று பெண்கள் ஸ்னூக்கர் உலகப் பட்டம் பெற்றார். கடைசி ஃப்ரேம் வரை இழுத்த ஆட்டம் அது. திறமைக்குப் பஞ்சமில்லை, தோல்விகளைத் தாங்கும் மடிதான் காலி.

2024-இல் அமெரிக்காவில் மூன்று கேரம் தங்கம் வென்ற சென்னையின் காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. மகிழ்ச்சி. ஆனால் அவர் கிளம்பும் முன் அரசு தந்த பயண உதவிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைக் கொடுத்தபோது அவர் வெல்வாரா என்று யாருக்கும் தெரியாது. புதுச்சேரி அரசும் இதைச் செய்யலாம். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தப் போட்டியானாலும், முதல் சுற்றில் தோற்பவருக்கும் பயணச் செலவும் தங்குமிடமும் உண்டு என்று அறிவிப்பிலேயே அச்சிடட்டும். அதற்கான தொகையை முதல் பரிசிலிருந்து எடுத்தாலும் தப்பில்லை.