தண்ணீர் திரும்பியது, நிலம் திரும்பவில்லை



கம்பத்துக்குக் கடல் கிடையாது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் பள்ளத்தாக்கு. ஆனாலும் எங்க ஊர்ப் பிழைப்பு அரபிக் கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரில்தான் நடக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே திருப்பினார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. பென்னிகுக் படத்துக்கு ஊரே மாலை போடுகிறது. போடட்டும். அந்தத் தண்ணீர் யார் வயலில் பாய்கிறது என்று நாம் கேட்போம்.

நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் கூட்டம் கூடும். சிட்டா, அடங்கல் இருந்தால் விவசாய நகைக்கடன், வட்டி குறைவு. இல்லையென்றால் சாதாரண நகைக்கடன், வட்டி கூடுதல். போன வருசம் எங்கள் சேரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் அரைப் பவுன் தோடு, கால் நகத்தில் நாற்றங்கால் சேறு.

"சிட்டா இருக்காக்கா?"

"நாத்துப் பறிச்சு நடுறது நாங்க. சிட்டா அவுக வீட்டுப் பெட்டியில இருக்கு தம்பி. அப்ப நான் விவசாயி இல்லையா?"

விதிப்படி இல்லை. அதை என் வாயால்தான் சொன்னேன். கூடுதல் வட்டிக்குச் சீட்டு எழுதியதும் நான்தான்.

நடவு முடிந்தால் விடியுமுன்னே ஜீப். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு நெருக்கியடித்துப் போகிறார்கள். அவர்கள் பறித்த காய் போடிக்கு வந்து ஏலம் போகிறது. திராட்சைப் பந்தலிலும் இதே கதைதான்: கவாத்து பண்ணுவது ஒரு கை, பட்டா வைத்திருப்பது இன்னொரு கை.

நமக்கு நிலமே எழுதப்படவில்லையா? எழுதப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் பிற சாதியாருக்கு விற்றால் செல்லாது. அணைக்கான 999 வருசக் குத்தகை 1886இல் எழுதப்பட்டது. இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம். குத்தகையைக் காக்க அரசே உச்ச நீதிமன்றம் வரை போனது, 2014இல் ஜெயித்தது. நல்லது. பஞ்சமி ஆணையைக் காக்கப் போனது யார்? நாம்தான். 1994இல் காரணை நிலத்தைக் கேட்டதற்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கி பலி வாங்கியது.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி என்று பதிந்த சர்வே எண்கள் எவை, இன்று யார் பெயரில் பட்டா என்று குறித்து அனுப்புங்கள். பழைய பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அடுத்த இதழில் பட்டியலாகப் போடுவோம்.

ஜூன் வரும். அந்த அக்காவும் வருவார். நான் மறுபடியும் சிட்டா கேட்டாகணும்.