பால்வீதி தட்டையானதல்ல

பால்வீதியைத் தட்டையான வட்டாகக் காட்டும் பாடநூல் படங்களை இனியாவது திருத்த வேண்டும். 2019இல் வார்சா பல்கலைக்கழக வானியலாளர்கள், சிலியிலுள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த தரவுகளைக் கொண்டு 2,400க்கும் மேற்பட்ட செஃபீடு விண்மீன்களின் இடங்களைக் குறித்தார்கள். வட்டின் விளிம்பு ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் வளைந்திருந்தது. செஃபீடுகள் எனும் இந்த இளம் விண்மீன்கள் துடிக்கும் கால அளவே அவற்றின் உண்மையான ஒளியைச் சொல்லிவிடும் என்பதை 1912இல் வானியலாளர் ஹென்றியேட்டா லீவிட் காட்டியிருந்தார். நமக்குத் தெரியும் ஒளியோடு அதை ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கிறது.

இடையிலுள்ள தூசி கணக்கைக் கெடுக்காதா? கெடுக்கும், அதனால்தான் தூசியை ஊடுருவும் அகச்சிவப்பு அளவீடுகளை நாடினார்கள். இளம் விண்மீன்கள் மட்டும் முழு வட்டுக்கும் சாட்சியாகுமா என்ற ஐயம் இதைவிட வலுவானது. ஆனால் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலைகள் 1950களிலேயே இந்த வளைவைக் காட்டிவிட்டன. வளைவு எப்படி வந்தது என்ற விவாதம் முடியவில்லை என்பதற்காக, அளந்தறிந்த வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டாமலிருப்பது நியாயமல்ல.