நம்பிக்கையை அளக்கும் வினாத்தாள்

மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்கள் பிற மருத்துவ முறைகளைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்று கேட்டறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. நவீன மருத்துவத்துடன் சேர்த்துக் கையாளப்படும் முறைகளை 'நிரப்பு மருத்துவம்' என்றும், அதற்குப் பதிலாகக் கைக்கொள்ளப்படுவனவற்றை 'மாற்று மருத்துவம்' என்றும் இவ்வாய்வுகள் வகுத்துக்கொள்கின்றன. யோகமும் அக்குபங்சரும் வெளியிலிருந்து சென்று சேர்ந்த நாடுகளுக்கு இப்பெயர்கள் பொருந்தலாம். நாட்டு மருந்துக் கடையை முன்பே அறிந்திருந்து, பின்னால் வந்ததை 'இங்கிலீஷ் மருந்து' என்று அழைத்துப் பழகிய தமிழ்நாட்டில், எது எதற்கு மாற்று என்பதே தெளிவாக இல்லை.

இத்துறையில் எடுத்தாளப்படும் அளவுகோல்களுள் ஒன்று 2004இல் அமெரிக்காவில் வெளியானது; அதில் உள்ள பத்துக் கூற்றுகள் ஒவ்வொன்றையும் மாணவர் எவ்வளவு ஏற்கிறார் என்பதை ஏழு படிகளில் குறிக்க வேண்டும், அக்குறிகளின் கூட்டுத்தொகையே அவருடைய மனப்பான்மையாகக் கொள்ளப்படும். எளிய கருவிதான், ஆனால் அது அளப்பது நம்பிக்கையை மட்டுமே. மூச்சுப் பயிற்சியும், வேதிப்பொருள்கள் செறிந்த மூலிகைச் சூரணமும், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்யப்படும் ஹோமியோபதி வீரியங்களும் ஒரே பெயரின்கீழ் வந்துவிடுவதால், சித்த மருத்துவத்தை மதித்து ஹோமியோபதியை மறுக்கும் மாணவர் அந்தக் கூட்டுத்தொகையில் எங்கே இருக்கிறார் என்பது புலப்படுவதில்லை.

நம்பிக்கையும் ஐயமும் இம்மாணவர்களுக்கு எவ்வளவு குறைவாகவே உதவும் என்பதைக் கீழாநெல்லியின் வரலாறு காட்டுகிறது. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகத்தில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் முன்பே வீட்டில் கேட்டறிந்த செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், காமாலைக்குக் காரணங்களுள் ஒன்றான ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து, அவ்வைரஸை நெடுங்காலமாக உடலில் சுமந்திருப்போரிடம் இம்மூலிகையைச் சோதித்து, முடிவை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். முப்பது நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்துபோல் தோன்றும் வெற்றுப் பொடியை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. பாட்டி வைத்தியம் அறிவியல் தேர்வில் தேறிவிட்டதாகக் கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஆயினும் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பயன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், பதப்படுத்திய முறை ஆகியவை வேறுபட்டிருக்கலாம் என்று ஒரு சாரார் விளக்கினர். முதல் ஆய்வே சிறியது, அதன் முடிவில் தற்செயலுக்கு இடமுண்டு என்பது மறு சாராரின் வாதம். இவ்விரு விளக்கங்களையும் எடைபோடத் தெரிந்த மாணவர், ஏழு படி வினாத்தாளில் பெரும்பாலும் நடுப்படியையே தேர்ந்தெடுப்பார். கருத்தே இல்லாத மாணவர் குறிப்பதும் அதே படிதான்.

மூலிகைதானே, தீங்கு செய்யாது என்னும் எண்ணம் இன்னொரு பக்கம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரைகளை உண்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடியொன்று கலந்துவிட்டதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்வினத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பின்னர் உறுதிசெய்யப்பட்டது. தமிழ் மருத்துவம் அறிந்த ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சித்த மருத்துவ மாணவருக்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. இருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கேட்க வழியில்லை: பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரு பாதை, எம்.பி.பி.எஸ். கல்லூரிகள் வேறொரு பாதை. 2021ஆம் ஆண்டின் பயிற்சி மருத்துவர் விதிகள், எம்.பி.பி.எஸ். முடிப்போரின் ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் ஒரு வாரத்தைச் சித்தம் உள்ளிட்ட ஆயுஷ் முறைகளுக்கு ஒதுக்கின. ஒரு வாரத்தில் மருந்துகளின் பெயர்களைக்கூடப் படித்து முடிக்க இயலாது.

எனினும் அந்த ஒரு வாரத்தில் கற்கக்கூடியது ஒன்று உண்டு: நோயாளியிடம் கேட்கும் முறை. 1990இல் அமெரிக்காவில் நடந்த கணக்கெடுப்பில் மூவரில் ஒருவர் நிரப்பு, மாற்று மருத்துவ முறைகளை நாடியிருந்தார். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை. தமிழகத்தில் சொல்லாமைக்குக் கூச்சமோ அச்சமோ மட்டும் காரணமன்று. 'வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்று கேஸ் ஷீட் எழுதும் மாணவர் கேட்டால், 'இல்லீங்க' என்பதே நேர்மையான விடையாகவும் இருக்கக்கூடும். கஷாயத்தையும் பொடியையும் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'கஷாயம், சூரணம், லேகியம் ஏதாவது எடுக்கிறீங்களாம்மா?' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான் கட்டைப்பையிலிருந்து பொட்டலம் வெளியே வருகிறது.