பார்க்க விடுறது திருப்பித் தாறது இல்லை

இங்கிலாந்தின் டோர்செட்டில், கடலுக்குக் கிட்ட ஒரு பள்ளத்தாக்கில் டைன்ஹாம் எண்டொரு கிராமம். அங்கே 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு தேவாலயம் இருக்கு, புனித மரியாள் ஆலயம். எங்களில் சிலர் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம்.

சனிக்கிழமை எண்டதைச் சும்மா சொல்லேல்லை. அந்த நிலம் இராணுவத்தின் சுடுபயிற்சித் தளம். பெரும்பாலான வார இறுதிகளிலும் சில விடுமுறைக் காலங்களிலும்தான் பாதையைத் திறந்துவிடுவினம். மஞ்சள் கட்டைகளைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும்.

1943 நவம்பரில் வீடு வீடாகக் கடிதம் வந்தது. டிசம்பர் 19க்குள் வெளியேற வேணும், யுத்த டாங்கிகளுக்குப் பயிற்சி நிலம் தேவை. சுமார் 225 பேர் போனார்கள். போர் முடியத் திரும்பலாம் எண்டுதான் நம்பினார்கள். தேவாலயக் கதவில் ஒரு தாளும் குத்தி வைத்தார்கள்: ஆலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கோ, ஒருநாள் நாங்கள் வருவோம் எண்டு. 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாகச் சுவீகரித்தது. 1973இல் அரசு நியமித்த குழுவே இராணுவம் அங்கிருந்து விலக வேணும் எண்டு பரிந்துரைத்தது. அடுத்த வருசம் அரசு அதை நிராகரித்தது. பிறகு நடந்தது என்ன? சனம் வந்து பார்க்கிற நாட்களைக் கூட்டினார்கள்.

எங்கட கோபம் இதில்தான். தேவாலயம் இப்ப கண்காட்சி. பள்ளிக்கூடத்தையும் அழகாகத் திருத்தி வைத்திருக்கினம். வாற ஆட்கள் 'காலம் உறைந்த கிராமம்' எண்டு படம் எடுக்கினம். காலம் தானாக உறையேல்லை. ஓர் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்திருக்கு. இராணுவம் இருந்தபடியால்தான் காடும் பறவையும் தப்பினது எண்டும் சொல்லுவினம். இருக்கட்டும். ஆனால் பறவை வந்ததைக் காட்டி, ஆட்கள் வராததை மறைக்க ஏலாது.

'அது வெள்ளைக்காரன்ர கதை, எங்களுக்கென்ன?' எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டைன்ஹாம் ஆட்களுக்கு மேல் செல் விழேல்லை. அவர்கள் முகாமில் கிடக்கவும் இல்லை. இரண்டையும் ஒண்டு எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தந்திரம் ஒண்டுதான். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து வெளியேறின சனத்துக்கு, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள இருந்த தங்கட கோயிலைக் கும்பிட அனுமதி எடுத்துப் போற நிலை வந்தது. கும்பிட்டுப்போட்டுத் திரும்பி வெளியே வரவேணும். சொந்த ஊரில் விருந்தாளி! பிறகு சில இடங்களை விட்டினம். விடாத காணிகள் இன்னும் இருக்கு.

பழைய கட்டடங்களைப் பேண வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பேணுங்கோ. ஆனால் சுவரைப் பேணுறதை, ஊரைத் திருப்பித் தந்ததாகக் கணக்கில் எழுதாதையுங்கோ. மரபுரிமை எண்ட சொல்லில் 'உரிமை'யும் இருக்கு.

இனி இப்படியான இடத்துக்குப் போனால், படம் போடுங்கோ. அதுக்குக் கீழே மூண்டு விசயமும் எழுதுங்கோ: இங்கே இருந்தது ஆர், எப்ப அனுப்பினது, திருப்பி விட்டதா இல்லையா. அந்தக் கதவில் தாள் குத்தினவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான். எங்கட ஊர்களுக்குச் செய்ய வேண்டியது அதைவிடக் கூட.