கோப்பையில் யார் பெயர்?

ஜெயித்தால் பட்டம் இல்லை. தோற்றால் நஷ்டம் இல்லை. ஆனாலும் மைதானம் நிரம்பி வழிகிறது! இதுதான் நட்புப் பந்தயம்.

ஐரோப்பாவின் கால்பந்து கிளப்புகள் இப்படி ஆடுவது பழைய வழக்கம்.

ஏழைகளுக்காக

ஸ்பெயின் நாட்டில் கொருன்னா என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. அங்கே 18-ம் நூற்றாண்டில் தெரசா எரேரா என்ற பெண்மணி வாழ்ந்தார். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டத் தன் சொத்தைக் கொடுத்தார்.

1946-ம் ஆண்டு அந்த ஊரில் கோடைக் காலப் பந்தயம் தொடங்கினார்கள். கோப்பைக்குத் தெரசாவின் பெயரையே சூட்டினார்கள். வசூல் ஏழைகளுக்கு உதவவேண்டும் என்பதே நோக்கம்.

ராத்திரி ஆட்டம்

1954-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. இங்கிலாந்தின் உல்வ்ஸ் கிளப்பும், அங்கேரியின் ஹான்வெட் கிளப்பும் மின்சார விளக்கு வெளிச்சத்தில் மோதின.

முந்திய ஆண்டு இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த அங்கேரி வீரர்கள் பலர் ஹான்வெட்டில் இருந்தனர். அவர்கள் முதலில் 2 கோல் போட்டனர். உல்வ்ஸ் விடவில்லை. 3 கோல் போட்டு ஜெயித்தது!

"உல்வ்ஸ்தான் உலகத்திலேயே சிறந்தது" என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொண்டாடின. பிரான்சு நாட்டுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஆனோ இதை ஒப்பவில்லை. மாஸ்கோவிலும் புடாபெஸ்டிலும் ஜெயித்துக் காட்டட்டும் என்று எழுதினார். எல்லா நாட்டு கிளப்புகளுக்கும் ஒரு போட்டி வேண்டும் என்றார். 1955-ல் ஐரோப்பியக் கோப்பை பிறந்தது. அதற்கு விதை, ஒரு நட்புப் பந்தயம்!

கம்பெனி வந்தது

பிறகு கம்பெனிகள் வந்தன. 2007-ல் லண்டனில் ஆர்சனல் கிளப் தொடங்கிய கோப்பைக்கு எமிரேட்ஸ் விமானக் கம்பெனியின் பெயர். 2009-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'ஆடி' கார் கம்பெனியின் கோப்பை.

கம்பெனி பணம் தருகிறது. டெலிவிஷன் மூலம் அதன் பெயர் பல நாடுகளுக்குப் போகிறது. கிளப்புக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம்.

பந்தயம் கடலையும் தாண்டிவிட்டது. 2014-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிட்டும் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆடின. பார்த்தவர்கள் 1,09,318 பேர்!

நட்பு எங்கே?

கம்பெனிப் பணம் பாவம் அல்ல. ஆனால், இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் லீக் போட்டிக்கு முன்பு வீரர்கள் உடலைத் தயார் செய்யும் நாட்களில் நடக்கின்றன. அப்போது கண்டம் விட்டுக் கண்டம் பறந்தால் களைப்புதான் மிச்சம். காலில் அடிபட்டால், அந்த நஷ்டத்தை எந்தக் கோப்பை ஈடு செய்யும்?

பயணம் குறையட்டும். டிக்கெட் விலை குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எட்டட்டும். ஒவ்வொரு பந்தயத்திலும் வசூலில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போகட்டும். கோப்பையில் கம்பெனியின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். தெரசாவின் மனம் அதில் இருந்தால் போதும்.