உம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்கிய ஸ்பீக்கர்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். குறிப்பாக, வீட்டில் லெப்டொப்பும் மைக்கும் வைத்து கீதம் ரெக்கோர்ட் பண்ணும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் வாசியுங்கள்.

எங்களிடம் படித்த ஒரு பொடியன். நல்ல குரல், அதைவிட நல்ல காது. மீலாத் போட்டிக்கு எங்கள் மாணவர்கள் பாடிய கீதத்தை வீட்டிலேயே மிக்ஸ் பண்ணித் தருவதாகப் பொறுப்பெடுத்தான். அதற்காக உம்மாவின் இரண்டு காப்பை அடகு வைத்து, மூன்று இலட்சத்துக்கு மேல் கொடுத்து, 8 அங்குல ஸ்டூடியோ மொனிட்டர் ஒரு சோடி வாங்கியிருக்கிறான். அவனுடைய அறை 10 அடிக்கு 10 அடி. கீதத்தை மண்டபத்தில் போட்டபோது தாளம் நெஞ்சில் இடித்தது. பிள்ளைகள் பாடிய ஒரு வரி கூட விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்கு முடியவில்லை. அடுத்த நாள் வந்து, "சேர், ஒரு சப்வூஃபரும் எடுத்தா சரி வரும் சேர்" என்றான்.

அந்தச் சொல்தான் எங்களை இதை எழுத வைத்தது. அவன் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பெரிய சத்தம்தான் நல்ல சத்தம் என்று அவனுக்குப் படிப்பித்தது நாம். கல்யாண வீட்டில் மேசையில் தண்ணீர் குலுங்கினால்தான் "சவுண்ட் சிஸ்டம் சுப்பர்" என்கிறோம். மைக்கில் எக்கோவைக் கூட்டி வைத்து, பேசியவர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளை 8 அங்குலம் வாங்காமல் வேறு என்ன வாங்குவான்?

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இதற்குக் கீழே தொடங்க வேண்டாம். தஃப் மட்டும் போதும் என்பவர்களுக்கும், குரல் மட்டும் போதும் என்பவர்களுக்கும் இந்தப் பதிவு பொருந்தும். வாத்தியம் குறையக் குறைய, மிக்ஸில் குரல் தெளிவாக இருக்க வேண்டிய தேவை கூடும்.

முதலில் ஒரு விசயம். மொனிட்டர் ஸ்பீக்கர் பாட்டை அழகாக்குவதற்கு அல்ல. கடையில் விற்கும் சாதாரண மல்டிமீடியா ஸ்பீக்கர்கள் பலவற்றில் பேஸையும் கீச்சையும் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள், கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று. மொனிட்டர் இருப்பதை இருப்பது போல் காட்டுவதற்குச் செய்யப்படுவது. உங்கள் பிழையை உங்களுக்கே சொல்வதுதான் அதன் வேலை.

ஆனால் அது எவ்வளவு உண்மை சொன்னாலும் அறை அதைப் பொய்யாக்கும். இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. கணக்கு இலகு. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீற்றர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் போய்த் திரும்பும் தூரம் 6.1 மீற்றர். 343ஐ 6.1ஆல் பிரித்தால் 56. அதாவது 56 ஹேர்ட்ஸ் அளவிலான பேஸ் அந்த அறைக்குள் முட்டி மோதி நிற்கும். சுவரோரத்தில் அது வீங்கிக் கேட்கும், நடு அறையில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒரே அளவென்றால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிழைக்கும். நம் வீடுகளில் சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் வேறு.

எங்கள் பொடியன் இரண்டு மூலையிலும் ஸ்பீக்கரை வைத்து, சரியாக நடு அறையில் கதிரை போட்டிருந்தான். அவன் காதுக்குத் தாளத்தின் அடிச்சத்தம் கேட்கவில்லை. கூட்டினான். இன்னும் கூட்டினான். மண்டபத்துக்கு வந்ததும் அவன் கூட்டியதெல்லாம் ஒன்றாகக் கொட்டியது. இந்த அறைக்குள் சப்வூஃபரைக் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராதே" என்பார்கள். உண்மை. 5 அங்குல யமஹா எச்எஸ்5 கூட 54 ஹேர்ட்ஸுக்குக் கீழே போவதாகக் கம்பனியே சொல்லவில்லை. ஆனால் ஆணின் பேச்சுக் குரலின் அடித்தொனி தொடங்குவதே ஏறத்தாழ 85 ஹேர்ட்ஸில். பெண்கள், சிறுவர்களின் குரல் அதற்கும் மேலே. நமக்குச் சொல்தான் முக்கியம் என்றால் அது முழுவதும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். மிச்சமுள்ள பேஸை ஒரு நல்ல ஹெட்போனில் சரி பாருங்கள். ஹெட்போனுக்கு அறை இல்லை.

ஆகவே எங்கள் கருத்து இது. 10 அடி அறைக்கு 3.5 முதல் 5 அங்குலம் வரை போதும். காசு குறைவென்றால் பிரிசோனஸ் ஈரிஸ் 3.5, எடிஃபையர் எம்ஆர்4 போன்றவை. கொஞ்சம் கூட இருந்தால் ஜேபிஎல் 305பி, யமஹா எச்எஸ்5. வாங்கும்போது கவனம்: முதல் இரண்டும் சோடியாக வருபவை. பின்னைய இரண்டும் பெரும்பாலும் ஒவ்வொன்றாக விற்கப்படுபவை. ஒன்றின் விலையைச் சோடியின் விலை என்று நினைத்து ஏமாறாதீர்கள். புளூடூத்தில் கேட்டு மிக்ஸ் பண்ணாதீர்கள், சத்தம் பிந்தி வரும். வயர் போடுங்கள்.

இனி, காசில்லாத வேலைகள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். மூலையில் வைக்காதீர்கள். இடப் பக்கச் சுவரும் வலப் பக்கச் சுவரும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். நடு அறையில் உட்காராதீர்கள். 10 அடி அறையில் முன் சுவரிலிருந்து ஏறத்தாழ 4 அடியில் காது இருக்கட்டும். முட்டைத் தட்டு ஒட்டுவதை இன்றோடு விடுங்கள். அது பேஸுக்கு ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். பழைய தும்பு மெத்தையை முதுகுப் பக்கச் சுவரில் சாத்துங்கள். பேஸை அது பெரிதாக அடக்காது, எதிரொலியைக் குறைக்கும். சத்தத்தைப் பேச்சு மட்டத்துக்கு இறக்குங்கள். ஒலியின் அளவு மாறினால் காதுக்கு பேஸும் கீச்சும் மாறிக் கேட்கும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

பெரிய ஸ்டூடியோக்காரர்களும் சின்னப் பெட்டியை நம்பியவர்கள்தான். 1978இல் யமஹா வீட்டுப் பாவனைக்கு வெளியிட்ட என்எஸ்-10 இனிமையான ஸ்பீக்கர் என்று பெயர் எடுக்கவில்லை. ஆனால் பிழையை மறைக்காது என்பதால் உலகம் முழுவதும் ஸ்டூடியோ மேசைகளில் ஏறியது. அதில் நன்றாகக் கேட்டால் எங்கும் நன்றாகக் கேட்கும் என்று நம்பினார்கள். நம் பிள்ளைகளின் கீதத்தையும் மக்கள் கேட்கப் போவது போனிலும் ஓட்டோவிலும்தான். நம்மில் பலர் முஸ்லிம் சேவையில் கீதம் கேட்டது ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரில். ஒரு சொல் தவறியதா?

பெற்றோரே, பிள்ளையின் ஆசையை மறிக்காதீர்கள். ஆனால் கடனுக்குக் கையெழுத்து வைக்கு முன் அறையை அளந்து பாருங்கள். விளையாட்டுக் கழகங்களே, பழைய மாணவர் சங்கங்களே, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகக் கடன்படுவதை விட, ஊருக்கு ஓர் அறையும் ஒரு சோடி 5 அங்குலமும் போதாதா? ஒரு கிரிக்கட் சுற்றுப்போட்டிக்குச் சத்தத்துக்கு மட்டும் நாம் செலவழிப்பதை நினைத்துப் பாருங்கள்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போனோம். மேசையை நகர்த்தினோம், ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்தோம், பின்னாலுள்ள சுவிட்சில் பேஸைக் குறைத்தோம், மெத்தையைச் சாத்தினோம். அதே பாட்டைப் போட்டான். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "தாளம் இவ்வளவு கூடவா இருந்திருக்கு சேர்?" என்றான். அஸருக்கு முன் திருத்திவிட்டான். இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு சதம் செலவில்லை. ஆனால் அந்தத் தாயின் காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டுக் காப்பாவது வீட்டில் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.