மரக்கிண்ணம் கடையப் புறப்படுவோர்க்கு



பிழைப்பின் நிமித்தம் மைசூருவுக்கு வந்து குடியேறி, இப்பொழுது ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கிற தகப்பன்மார் உங்களில் அநேகர். கைத்தொழில் ஒன்றைக் கற்க வாஞ்சிக்கிற வாலிபரும் உண்டு. இவர்களில் சிலருக்கு மரக்கிண்ணம் கடையும் வேலையில் நாட்டம் பிறக்கிறது. லேத்தை வாங்கிவிட்டால் வேலை கைவந்துவிடும் என்று எண்ணி, சேமித்து வைத்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்பாக, இந்த வேலை நம்மிடத்தில் எதைக் கேட்கிறது என்று அறிந்துகொள்வது நலம். அது கேட்பவை இரண்டு: கூரிய உளி, காத்திருக்கிற மனது. இவ்விரண்டும் இல்லாதவருக்கு லேத் வீண்செலவு மாத்திரமல்ல, ஆபத்துமாகும்.

கடைசல் வேலை நமக்கு அந்நியமானதல்ல. அம்பாசமுத்திரத்தில் கடைந்த மரச் செப்புச் சாமான்களை வைத்துச் சோறு சமைத்து விளையாடிய சகோதரிகள் உங்கள் நடுவில் இருப்பார்கள். நாம் குடிவந்த இந்த நாட்டிலும் அதே வேலை உண்டு. மைசூருவிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் மண்டியா, மத்தூர் தாண்டியதும் சன்னபட்டணம் என்னும் ஊரைக் காண்பார்கள். அவ்வூரின் மரப்பொம்மைகளுக்கு 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வழிவழியாகப் பயன்படும் மரத்தைக் கன்னடத்தில் ஹாலே என்பார்கள். அது நம் ஊர் வெட்பாலையே. கடைந்து முடிந்த பொம்மை சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வினால் உண்டாகும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. அதன்பின் உலர்ந்த ஓலையால் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். தனியே அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை.

பொம்மை கடையும் கைக்குக் கிண்ணமும் எளிதாய் வருமோ என்றால், அங்கேதான் கவனம் வேண்டும். பொம்மைக் கட்டையில் மரத்தின் நார், சுழலும் அச்சின் போக்கிலேயே ஓடுகிறது. கிண்ணத்துக்கோ பலகையைக் குறுக்கே வைத்துப் பிடிக்கிறோம். ஆகையால் கட்டை ஒருமுறை சுற்றுவதற்குள் உளி இரண்டு தடவை நாரின் வெட்டுமுனையைச் சந்திக்கிறது. பொம்மையில் பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்துக்கு உளியைச் செலுத்துவது முறை. கிண்ணத்தின் வெளிப்புறத்திலோ, சிறிய அடிப்பாகத்திலிருந்து அகன்ற விளிம்பை நோக்கிச் செலுத்த வேண்டும். உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவுக்கு. முறை தப்பினால் நார் பிய்ந்து, உளி சிக்கி, கட்டை பிடியை விட்டுப் பறக்கவும் கூடும்.

அது எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்று கணக்குப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுற்றை இரட்டிப்பாக்கினால் மோதும் வலிமை நான்கு மடங்காகிறது. ஆகையால் உருண்டை பெறாத கட்டையை, லேத்தில் உள்ள மிகக் குறைந்த வேகத்திலேயே ஆரம்பியுங்கள். மோட்டாரைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். உளி தாங்கும் கட்டையை நகர்த்த வேண்டுமானால் லேத்தை நிறுத்திவிட்டே நகர்த்துங்கள்.

உடையைக் குறித்தும் ஒரு வார்த்தை. தொங்கும் முந்தானை, துப்பட்டா, நீண்ட சட்டைக் கை, மோதிரம், கைக்கடிகாரம், கையுறை இவற்றில் ஒன்றும் லேத்தின் அருகே ஆகாது. கூந்தலை இறுக முடிந்துகொள்ளுங்கள். கண்ணுக்கு மாத்திரமல்ல, முகம் முழுவதற்கும் கவசம் வேண்டும். நுண்ணிய மரத்தூளை அற்பமாய் எண்ணாதிருங்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1995 ஆம் ஆண்டில் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. உப்புத்தாள் தேய்க்கும்போது தூள் தடுக்கும் நல்ல முகமூடி அவசியம். வாடகை வீட்டில் சிறு பிள்ளைகள் உறங்கும் அறைக்கு அருகே லேத்தை வைக்கத் துணியாதிருங்கள்.

இனி உளியைக் கவனிப்போம். கூரிய உளி ஈரமான மரத்திலிருந்து நீண்ட சுருள்களை உரித்தெடுக்கும். மழுங்கிய உளி தூளைத்தான் கொட்டும். தூள் விழக் கண்டும் உளியை இன்னும் அழுத்துகிறவர் விபத்தைத் தேடிப்போகிறார். உளியின் சாய்வுப் பக்கத்தை முதலில் மரத்தில் படியவைத்து, பின்பு பிடியை மெதுவாய் உயர்த்தினால், வாய் தானே வெட்டத் தொடங்கும். சாணை பிடிக்கக் கற்காமல் கடையக் கற்றவர் ஒருவரும் இல்லை. ஆகையால் செலவுக் கணக்குப் போடும்போது சாணைக்கல்லையும் முகக்கவசத்தையும் லேத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

மரத்துக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். விழுந்த மா, பலா, வேம்பு ஆகியவற்றின் துண்டுகள் போதும். குடகின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக்கும் உதவும். சந்தனமும் ஈட்டியும் வனச்சட்டத்துக்கு உட்பட்டவை. கற்றுக்கொள்கிறவருக்கு அவை தேவையுமில்லை.

பச்சை மரம் கடைய மெதுவானது. ஆனால் காயும்போது அது நாரின் நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்கே சுருங்குகிறது. ஆகவே வட்டக் கிண்ணம் முட்டை வடிவாகும். இதற்குப் பெரியோர் கண்ட வழி, ஒரே கிண்ணத்தை இருமுறை கடைவது. முதலில் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கடையுங்கள். 20 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 2 சென்டிமீட்டர். வெட்டுமுனை தெரியும் இடங்களில் மெழுகு பூசி, நிழலில் வையுங்கள். அடியில் பென்சிலால் தேதியையும் எடையையும் எழுதிவிட்டு, வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுங்கள். எடை குறைவது நின்றபின்பே மறுபடியும் லேத்தில் ஏற்றுங்கள். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு அன்றே மெல்லியதாய்க் கடைந்து முடித்த கிண்ணம், கோணிக்கொண்டோ விரிசல் கண்டோ போகிறதை அநேகர் கண்டிருக்கிறார்கள்.

முடிந்த கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். அது உலர்ந்து இறுகும். வர்ணக் கடையில் விற்கிற காய்ச்சிய வகையில் உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், உணவு வைக்கும் கிண்ணத்துக்கு அதைத் தவிருங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதிருங்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துங்கள்.

ஆகையால், அன்பானவர்களே, பணத்தை எடுக்குமுன் ஒருநாள் சன்னபட்டணத்துக்குப் போய், கடைகிறவரின் கையையும் உளியையும் பொறுமையாய்க் கவனியுங்கள். பழகினவர் ஒருவர் அருகே நின்று முதல் சில நாட்கள் கற்றுக்கொள்ளுங்கள். பின்பு லேத் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரு கிண்ணத்தை முடிக்க முயலாமல், காய்வதற்கென்று ஐந்தாறு கிண்ணங்களை அரைகுறையாய்க் கடைந்து அடுக்கி வையுங்கள். அவை காய்கிற மாதங்களில் உங்கள் கை உளியைப் பழகிக்கொள்ளும். மரம் ஆயத்தமாகும்போது நீங்களும் ஆயத்தமாயிருப்பீர்கள்.